வெளிநாட்டில் மலை ஏறப் போகும் தம்பதிகளுக்கு: சென்னையிலிருந்தே தொடங்க வேண்டிய முழுமையான வழிகாட்டி

திருமண நாளுக்காக நானும் என் மனைவியும் இலங்கை போனோம். ஐந்து நாள் பயணம். கண்டி, நுவரெலியா தேயிலைத் தோட்டம், கடைசியில் ஒரு கடற்கரை, அவ்வளவுதான் திட்டம். மலை ஏறும் எண்ணமே இல்லை. மூன்றாம் நாள் இரவு சாப்பிடும்போது பக்கத்து மேசையில் சிவனொளிபாத மலை (Adam's Peak) பற்றி யாரோ பேசினார்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், அதையும் பார்த்துவிடலாமே என்று அந்த இடத்திலேயே முடிவு செய்து, மறுநாள் இரவு மலையடிவார ஊரான நல்லதண்ணி போய்ச் சேர்ந்து, அதிகாலை இரண்டரை மணிக்கு ஏறத் தொடங்கினோம். அது ஜூலை மாதம்.

அந்த மலையில் ஏறும் பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியோடு முடிகிறது. அந்த மாதங்களில் வழி முழுக்க விளக்கு எரியும், தேநீர்க் கடை இருக்கும், ஆயிரக்கணக்கானவர்கள் கூடவே ஏறுவார்கள். ஜூலையில் விளக்கும் இல்லை, ஆளும் இல்லை, தென்மேற்குப் பருவமழை மட்டும் இருந்தது. எங்களிடம் இருந்தது ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு போன் வெளிச்சம். அவள் பருத்திச் சுடிதாரும் தட்டையான கேன்வாஸ் ஷூவும் போட்டிருந்தாள். 5,500-க்கும் மேற்பட்ட படிகளில் பாதி தாண்டியதும் மழை பிடித்தது. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பிஸ்கட் பாக்கெட்டை அவளிடம் கொடுத்தேன். அவளால் அதைப் பிரிக்க முடியவில்லை, விரல்கள் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருந்தன. மேலே சூரிய உதயம் இல்லை, வெள்ளை மூட்டம்தான். இறங்கும்போது என் வலது முழங்கால் மடங்க மறுத்துவிட்டது, ஏறியதைவிட இறங்க அதிக நேரம் ஆனது. அடிவாரத்துக்குப் பக்கத்தில் லயத்து வீட்டு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) அம்மா ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, "முதல்ல ஈரத்த மாத்துங்க தங்கச்சி, அப்புறம் பேசலாம்" என்று சொல்லி உள்ளே கூட்டிப்போய்ச் சாயத்தண்ணி (பால் சேர்க்காத தேநீர்) போட்டுக் கொடுத்தார்.

அன்று மாலை அறையில்தான் ஒரு விஷயம் தெரிந்தது. மழை தொடங்கிய இடத்திலேயே திரும்பிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கும் அதே இடத்தில் தோன்றியது. எனக்கு ஏற ஆசை என்று நினைத்து அவள் அதைச் சொல்லவில்லை, அவளுக்கு ஆசை என்று நினைத்து நானும் சொல்லவில்லை. இந்த வழிகாட்டியை எழுத முக்கியக் காரணமே அதுதான். ஷூவும் ரெயின்கோட்டும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஜோடியாக ஏறுபவர்கள் ஒருவருக்காக ஒருவர் வாயை மூடிக்கொண்டே ஆபத்துக்குள் நடந்துவிடுகிறார்கள், அதைக் கிளம்புவதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.

முதல் படி: மலையைப் பற்றிச் சரியான மூன்று எண்களைத் தேடுங்கள்

உச்சியின் உயரத்தை எல்லோரும் பார்க்கிறோம், அது பெரிதாக உதவாது. தேவையானவை: நடக்க வேண்டிய தூரம், அடிவாரத்திலிருந்து எத்தனை மீட்டர் ஏற்றம், கடைசி வெளிச்சம் எத்தனை மணிக்கு. சிவனொளிபாத மலையின் உச்சி 2,243 மீட்டர், நல்லதண்ணியிலிருந்து ஏறினால் ஏற்றம் மட்டும் சுமார் 1,000 மீட்டர். அண்ணா சாலை எல்ஐசி கட்டடம் சுமார் 54 மீட்டர்தான். அப்படிப் பதினெட்டுக் கட்டடத்தை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து லிஃப்ட் இல்லாமல் ஏறி, உடனே இறங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு கணக்கு அன்றைக்கு என் மனதில் வந்திருந்தால் நான் படுத்துத் தூங்கியிருப்பேன்.

நேரத்துக்கு 1892-இல் ஸ்காட்லாந்துக்காரர் நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 10 கிலோமீட்டர், 900 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்றரை மணி. இது பழகியவர்களின், ஓய்வில்லாத கணக்கு. சமவெளியில் வாழும் நமக்கு அதில் பாதியைக் கூட்டி ஐந்தேகால் மணி என்று வைத்துக்கொள்ளுங்கள், சாப்பாடு, போட்டோ எல்லாம் அதற்கு மேல். ஸ்விட்சர்லாந்தில் வழிகாட்டிப் பலகைகளிலேயே நேரம் போட்டிருப்பார்கள், அதிலும் ஓய்வு நேரம் சேராது. அங்கே நிறத்தையும் பாருங்கள். வெறும் மஞ்சள் பலகை சாதாரண நடைபாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு மலைப்பாதை, கால் உறுதியாக நிற்க வேண்டும், தலைசுற்றல் இருக்கக் கூடாது. வெள்ளை-நீலம்-வெள்ளை நமக்கானது இல்லை, அனுபவமும் சாதனமும் உள்ளவர்கள் போகும் பாதை.

அப்புறம் பருவம், அனுமதி. மலேசியாவின் கினபாலு 4,095 மீட்டர், அங்கே அனுமதியும் உரிமம் பெற்ற வழிகாட்டியும் இல்லாமல் உச்சிக்குப் போக முடியாது. பாலியின் பாத்தூர் 1,717 மீட்டர், சூரிய உதயத்துக்காக இருட்டிலேயே ஏறுவார்கள். உள்ளூர் வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் வீண் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். ஜூலை இரவில் எங்களோடு ஒரு உள்ளூர்ப் பையன் வந்திருந்தால், வானத்தைப் பார்த்ததுமே வேண்டாம் என்று சொல்லியிருப்பான்.

இரண்டாம் படி: உயரம் தலைக்கு ஏறும் மலையா?

சுமார் 2,500 மீட்டருக்கு மேல் போனால் காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவதை உடம்பு உணரத் தொடங்கும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, காரணமில்லாத சோர்வு. உடல்வலு இருப்பவருக்கும் வரும், தினமும் மெரினாவில் ஓடுபவருக்கும் வரும். பூட்டானின் தக்த்சங் மடம் 3,100 மீட்டரை ஒட்டி இருக்கிறது. ஸ்விஸ் பேக்கேஜில் எல்லோரும் ரயிலில் போகும் யுங்ஃப்ராவ்யோக் 3,454 மீட்டர். கீழிருந்து ஒரே நாளில் அங்கே போய் இறங்கி, வேகமாக நடந்தால் தலை சுற்றுவது இதனால்தான்.

3,000 மீட்டருக்கு மேல் தங்கிப் போகும் பயணம் என்றால், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் அதே உயரத்தில் இருக்க வேண்டும். தலைவலி இருக்கும்போது மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது என்றால் இரவானாலும் உடனே இறங்க வேண்டும், அதற்கு இறங்குவதுதான் மருந்து. முன்கூட்டி மாத்திரை எடுக்கலாமா என்பதை ஊரிலேயே உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், ரத்த அழுத்தம், சர்க்கரை இருப்பவர்கள் கட்டாயம் கேளுங்கள்.

மூன்றாம் படி: சென்னையில் ஆறு வாரப் பயிற்சி

பெசன்ட் நகர் கடற்கரையில் காலையில் ஐந்து கிலோமீட்டர் நடப்பது நல்ல பழக்கம், ஆனால் அது மலைக்குத் தயார் செய்யாது. மலையில் மூச்சு ஏறும்போது வாங்குகிறது, கால் இறங்கும்போது உடைகிறது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைப் பிடித்து நிறுத்துகிறது. பழகாத தசைக்கு அதுதான் பெரிய அடி. நல்ல செய்தி என்னவென்றால், ஒருமுறை அந்த அடி பட்டுத் தேறிய தசை அடுத்த முறை அவ்வளவு பாதிக்கப்படாது. அதனால் பயிற்சியில் இறங்குவதை விடவே கூடாது.

முதல் இரண்டு வாரம் அடுக்குமாடிப் படிக்கட்டு போதும். பத்து மாடி என்பது சுமார் 30 மீட்டர். வாரம் மூன்று நாள், ஐந்து முறை ஏறி ஐந்து முறை நடந்தே இறங்குங்கள், இறங்க லிஃப்ட் எடுக்காதீர்கள். மூன்றாம் வாரத்திலிருந்து முதுகுப்பையில் நான்கு லிட்டர் தண்ணீர் வைத்துக்கொண்டு பத்து முறை. வார இறுதிகளில் கோவில் மலைகள். பரங்கிமலையும் திருநீர்மலையும் தொடக்கத்துக்கு. அடுத்து திருக்கழுக்குன்றம், ஐந்நூறு படிக்கு மேல். நான்காவது வாரம் சோளிங்கர் பெரிய மலை, 1,305 படி, ரோப் காரை விட்டுவிட்டு நடந்தே ஏறி நடந்தே இறங்குங்கள். ஐந்தாவது வாரம் முடிந்தால் அலிபிரி வழியாகத் திருமலை, 3,550 படி. தரிசனம் முடிந்து பஸ்ஸில் இறங்குவதுதான் வழக்கம், ஆனால் பயிற்சிக்காகப் போகும் அன்றைக்கு உடம்பு ஒத்துழைத்தால் இறங்குவதும் நடந்தே இருக்கட்டும். இந்தக் கோவில் படிகளில் வெறுங்காலோடு ஏறுவதுதான் நம் பழக்கம், அதனால் கால் பழகும், ஷூ பழகாது. ஷூவைப் பழக்க மாடிப்படியையே நம்புங்கள். ஆறாவது வாரம் ஓய்வு, லேசான நடை மட்டும்.

இருவரும் சேர்ந்தே பயிற்சி செய்யுங்கள். யார் எந்த இடத்தில் சோர்கிறார், சோர்ந்தால் கோபம் வருமா, பேச்சு நின்றுபோகுமா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். என் மனைவி களைத்தால் பேசுவதை நிறுத்திவிடுவாள் என்பது சோளிங்கரில்தான் எனக்குப் புரிந்தது. இப்போது அவள் பத்து நிமிடம் பேசாமல் வந்தால் நான் நின்றுவிடுவேன்.

நான்காம் படி: உடுப்பு, ஷூ, பை

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். அதோடு காற்றும் ஈரமும் சேர்ந்தால், உறைநிலைக்கு மேலே இருக்கும்போதே உடம்பு ஆபத்தான அளவுக்குக் குளிர்ந்துவிடும். இங்கேதான் பருத்தி நம்மைக் கைவிடுகிறது. சென்னை வெயிலுக்கு அது தெய்வம், மலையில் வியர்வையையும் மழையையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு உடம்புச் சூட்டை இழுத்துவிடும். ஆண்கள் மேல்சட்டையை மாற்றிவிட்டு உள்ளே பருத்தி பனியனை மறந்துவிடுகிறோம், அதையும் விடுங்கள். உடம்பை ஒட்டி சீக்கிரம் காயும் பாலியஸ்டர் டி-ஷர்ட், அதன் மேல் சூடு காக்கும் ஒரு ஃப்ளீஸ் மேல்சட்டை, அதற்கும் மேல் தண்ணீரும் காற்றும் புகாத ஜாக்கெட். டெக்காத்லானில் மூன்றும் கிடைக்கும், பிராண்டைத் துரத்த வேண்டாம். ஜாக்கெட்டை மட்டும் வீட்டு ஷவருக்கு அடியில் பத்து நிமிடம் போட்டுப் பாருங்கள், தையல் வழியாக நீர் இறங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஷூவை மாலையில் வாங்குங்கள், அப்போது பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். இறங்கும்போது கட்டைவிரல் முன்னால் போய் இடிக்காத அளவுக்கு இடம் வேண்டும், வழக்கமான அளவைவிட அரை அளவு பெரிதாக. நகத்தைக் கிளம்பும் முன் ஒட்ட வெட்டுங்கள். அடிப்பாகத்தில் ஆழமான வரி இருக்க வேண்டும், ஈரக் கருங்கல்லில் தட்டைச் செருப்பு எண்ணெய்ச் சட்டியில் வைத்த மாதிரி வழுக்கும். புது ஷூவோடு விமானம் ஏறவே ஏறாதீர்கள்.

பையில் இருக்க வேண்டியவை: ஆளுக்கு ஒரு ஹெட்லேம்ப், மாற்று பேட்டரி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஓஆர்எஸ் பொடி, பிளாஸ்திரி, சுளுக்குக்குச் சுற்றும் மீள்பட்டை, ஒரு விசில், ஒரு அலுமினியப் போர்வை, பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு செட் காய்ந்த உடுப்பு, காய்ந்த சாக்ஸ். பவர் பேங்க் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், ஊன்றுகோல் செக்-இன் பெட்டியில். மாதவிடாய் தேதியைக் கணக்குப் பார்த்து நாப்கினும் மூடும் பையும் எடுத்து வையுங்கள், இதைப் பேசக் கூச்சப்பட்டுப் பாதிவழியில் தவிக்க வேண்டாம். சாப்பாட்டுக்குக் கடலை மிட்டாய், பேரீச்சை, தட்டை போதும், நடந்துகொண்டே சாப்பிடலாம். எந்த நாட்டுக்குப் போகிறீர்களோ அங்கே உணவு கொண்டுபோகும் விதியைப் பாருங்கள். நியூசிலாந்தில் அறிவிக்காமல் கொண்டுபோனால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

இதோடு பயணக் காப்பீட்டுப் பத்திரத்தை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். பல பாலிசிகள் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் மலையேற்றத்தை விலக்கி வைத்திருக்கும். மீட்பு ஹெலிகாப்டர் செலவு அதில் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஐந்தாம் படி: முந்தின இரவு இருவரும் உட்கார்ந்து பேச வேண்டியது

இதைத் தவிர்த்துவிட்டு மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்தாலும் எனக்குத் திருப்தி இல்லை. ஒரு காகிதத்தில் மூன்று விஷயம் எழுதுங்கள்.

ஒன்று, திரும்பும் நேரம். ஆறு மணிக்கு இருட்டும் ஊரில் நான்கு மணிக்குக் கீழே இருக்க வேண்டும். காலை ஏழுக்குக் கிளம்பினால் கையில் ஒன்பது மணி நேரம். இறங்க ஏறும் அளவுக்கே நேரம் பிடிக்கும் என்று வைத்தால் பதினொன்றரைக்குத் திரும்பியாக வேண்டும், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி, கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தாலும் சரி.

இரண்டு, யார் "போதும்" என்று சொன்னாலும் அந்த இடத்தில் நடை நிற்கும், காரணம் கேட்கக் கூடாது. மேலே நின்று காரணம் கேட்டால் அது வாதமாகும், வாதத்தில் இருவருமே ஏறத்தான் முடிவு செய்வீர்கள். காரணத்தை இரவு சாப்பாட்டின்போது பேசிக்கொள்ளலாம்.

மூன்று, பிரிந்து போவதில்லை. "நீ இங்கே உட்கார், நான் உச்சியைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்" என்ற பேச்சே வேண்டாம். உட்கார்ந்திருப்பவர்தான் குளிர்ந்துபோவார், மூடுபனி வந்தால் இருவரும் தனித்தனியாகத் தொலைவீர்கள்.

அப்புறம் போகும் பாதை, திரும்பும் நேரம், இந்த நேரத்துக்குள் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை விடுதியில் எழுதிக் கொடுங்கள். ஊரில் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். அவசர எண்ணைக் காகிதத்திலும் எழுதிக்கொள்ளுங்கள்: ஐரோப்பாவில் 112, ஸ்விட்சர்லாந்தில் வான்மீட்புக்கு 1414, இலங்கையில் இலவச ஆம்புலன்ஸ் 1990, இந்தியாவின் நிதியுதவியோடு 2016-இல் தொடங்கிய சேவை அது. வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கிவிட்டு இரண்டு போனில் ஒன்றை அணைத்து, உள்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் பேட்டரி வேகமாக இறங்கும்.

ஆறாம் படி: ஏறும் நாள்

காலையில் வானிலையை மறுபடி பாருங்கள், ஊரின் வானிலை இல்லை, மலையின் வானிலை. முதல் அரை மணி நேரம் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான், அதற்கு மேல் வேண்டாம். மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும். வேகமானவர் முன்னால் போய் ஒரு பாறையில் காத்திருந்து, பின்னால் வருபவர் வந்து சேர்ந்ததும் எழுந்து நடக்கத் தொடங்கினால், ஓய்வு கிடைத்தது ஒருவருக்குத்தான். இதை நான் அன்றைக்கு இரண்டு மணி நேரம் செய்துகொண்டே போனேன்.

பசிப்பதற்கு முன் சாப்பிடுங்கள், முக்கால் மணிக்கு ஒருமுறை ஒரு வாய். வியர்க்கத் தொடங்கும் முன் ஃப்ளீஸைக் கழற்றுங்கள், நின்றதும் போடுங்கள். காலில் எங்கேயாவது சூடாகத் தெரிந்தால் அந்த நிமிடமே நின்று பிளாஸ்திரி ஒட்டுங்கள், கொப்புளம் வந்த பிறகு ஒட்டிப் பிரயோசனம் இல்லை. ஈரக்காட்டில் அட்டை கடித்தால் பிடுங்காதீர்கள், நகத்தைத் தோலோடு ஒட்டி வைத்துச் சறுக்கித் தள்ளுங்கள். கொஞ்ச நேரம் ரத்தம் நிற்காது, அட்டையின் எச்சில் ரத்தம் உறைவதைத் தடுப்பதால் அப்படி, பயப்பட வேண்டாம், கழுவி அழுத்திப் பிடியுங்கள்.

இறங்கும்போது முழங்காலை லேசாக மடக்கியே வைத்து, சின்னச் சின்ன அடியாக வையுங்கள். உயரமான படியில் பக்கவாட்டில் இறங்கலாம், ஊன்றுகோல் இருந்தால் முதலில் கோல், பிறகு கால். பெரும்பாலும் தவறி விழுவது இந்த நேரத்தில்தான், வேலை முடிந்தது என்று மனது முன்னால் போய்விடுகிறது.

ஏழாம் படி: ஏதாவது தவறினால்

நடுங்குகிறார், கை பிடிமானம் போகிறது, கால் இடறுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் அது சாதாரணக் குளிர் இல்லை. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்க முடியாத அந்த விரல்களை நான் களைப்பு என்று நினைத்தேன். காற்று படாத இடத்துக்குப் போய், ஈர உடுப்பை முழுதாக மாற்றி, தலையை மூடி, போர்வையைச் சுற்றி, விழுங்க முடிந்தால் இனிப்பாக எதையாவது கொடுங்கள். கையைக் காலைத் தேய்க்க வேண்டாம், மது வேண்டவே வேண்டாம். நடுக்கம் நின்று மந்தமாகிவிட்டால் தேறிவிட்டதாக அர்த்தம் இல்லை, மோசமாகிறது என்று அர்த்தம், உதவி கூப்பிடுங்கள்.

வழி தவறினால் நில்லுங்கள். வந்த வழியே கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்புங்கள். ஓடை கீழேதானே போகும் என்று அதன் கூடவே இறங்காதீர்கள், அது அருவியில் கொண்டுபோய் விடும். மலையில் ஆபத்துக்கான சைகை ஒரு நிமிடத்துக்கு ஆறு முறை விசிலோ வெளிச்சமோ, பிறகு ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. பதிலுக்கு மூன்று முறை வந்தால் உங்களைக் கவனித்துவிட்டார்கள்.

மறுநாளுக்குத் திட்டம் எதுவும் வேண்டாம். தசைவலி இரண்டாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும், விடுதியில் முன்பதிவு செய்யும்போதே தரைத்தள அறை கேளுங்கள், எங்களுக்குக் கிடைத்தது இரண்டாவது மாடி. இரண்டு காலிலும் சமமாக வலித்தால் நடந்து நடந்துதான் சரியாகும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால், அதுவும் விமானப் பயணத்துக்குப் பிறகு என்றால், மலை ஏறிய வலி என்று தைலம் தடவிக்கொண்டு இருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள், ரத்தக் கட்டியாக இருக்கலாம்.